பழைய காரா, புதிய காரா?

டில்லியில் அலுவல் புரியும் தமிழன்பர் ஒருவரை நேயர்கள் மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். அவருக்கு வயது 45. மனைவி, மக்கள் இருவர், ஊரிலிருந்து வந்து உடனிருக்கும் தாயார் என வீட்டில் ஐவர். பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 8 இலட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு கார் வாங்குவது என்று வீட்டார் முடிவு செய்திருக்கின்றனர். இந்த நேரத்தில் கோயமுத்தூரிலிருந்து அவருடைய தாய்மாமன் மகன் எழுதுகிறார்: “அத்தான், இங்கே ஒரு பெரியவர் தம்முடைய 1990-ஆம் ஆண்டுக் கன்டெஸ்ஸாவை விற்கிறார். முதலில் வாங்கியவரே இன்றுவரை வைத்திருக்கிறார். நாம் பள்ளிக்கூடம் போகையில் நின்று நின்று பார்த்தோமே, அதே வண்டி. விலையும் படியும். உடனே புறப்பட்டு வாருங்கள்.”

அன்றிரவு அந்த அன்பருக்கு உறக்கம் வந்திராது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. இளமையில் எட்டாதிருந்த பொருள் நடுவயதில் கைக்கெட்டும் தொலைவில் வந்து நின்றால் யாருக்குத்தான் மனம் அசையாது? அதிலும், பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு அத்தகைய பொருள் வெறும் வண்டியன்று. ஊரின் ஒரு துண்டு. ஆயினும், 8 இலட்சம் ரூபாயும், ஐவரின் உயிர்க்காவலும், சட்டத்தின் கட்டுப்பாடும் இம்முடிவில் அடங்கியுள்ளன. ஆதலின், பழைய வலுமிக்க காரை வாங்குவதா, புதிய காரை வாங்குவதா என்னும் வினாவை இவ்வுரையில் சற்று விரிவாக ஆராய்வோம்.

வலுக்கார் பிறந்த கதை

‘மஸில் கார்’ என்று அமெரிக்கர் வழங்கும் பெயருக்குத் தசை திரண்ட கார் என்பது பொருள். நாம் இதனை வலுக்கார் எனக் குறிப்போம். நடுத்தர உருவம் படைத்த, சாதாரணக் குடும்பம் வாங்கத்தக்க ஒரு காரில், பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திவிடுவதே இதன் அடிப்படை. பான்டியாக் நிறுவனம் 1964-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட ஜி.டி.ஓ. என்னும் வண்டியையே இவ்வகைக்கு வழிகாட்டி எனப் பலரும் கூறுவர். அதில் 6.4 லிட்டர் எஞ்சின். அதன் வலு 325 குதிரைத்திறன் என அறிவிக்கப்பட்டது. அதே 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெளியாயிற்று. உருவில் சிறியதாகவும் விலையில் எளியதாகவும் இருந்தமையால் இளைஞர் அதனை மொய்த்துக்கொண்டனர். 1970-இல் ஷெவ்ரலே நிறுவனத்தின் ஷெவெல் வண்டி ஒன்று 7.4 லிட்டர் எஞ்சினுடன் 450 குதிரைத்திறன் என்னும் உச்சத்தைத் தொட்டது.

உச்சத்திற்குப் பின் இறக்கமும் விரைவில் வந்தது. 1970-இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்தியது. இளைஞர் ஓட்டும் வேக வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபொழுது, பெட்ரோலை வாரிக் குடிக்கும் வண்டிகளின் காலம் முடிந்தது. அவ்வாறு சில ஆண்டுகளே வாழ்ந்து மறைந்தமையால்தான், எஞ்சியுள்ள வண்டிகளுக்கு அந்நாட்டில் இன்று பெருமதிப்பு இருக்கிறது. முதலில் பொருத்தப்பட்ட எஞ்சினே இன்றும் இருந்து, எண்களும் ஒத்திருப்பின் விலை மேலும் ஏறும்.

ஒரு செய்தியை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். பழைய காலத்துக் குதிரைத்திறன் கணக்கும் இன்றைய கணக்கும் ஒன்றல்ல. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைத் தனியே ஒரு மேடையில் நிறுத்தி, அதனை இழுத்துப் பிடிக்கும் துணைக் கருவிகள் பலவற்றை நீக்கி அளந்தன. 1972 முதல் அவையனைத்தும் பூட்டிய நிலையில் அளக்கும் முறை வந்தது. ஆகவே தாளில் இருந்த எண்கள் சரிந்தன. அண்மைக்கால மஸ்டாங் 5 லிட்டர் எஞ்சினில் ஏறத்தாழ 480 குதிரைத்திறன் தருவது இந்தப் புதிய கணக்கின்படியே. எனவே, “பழைய வண்டியின் வலு புதியதற்கு வராது” என்னும் பேச்சு உண்மையன்று. பழையதன் சிறப்பு அதன் உருவிலும் ஒலியிலும் அருமையிலும் உள்ளதே தவிர, ஓட்டத்தில் இல்லை.

நம் நாட்டில் இதன் உருவம்

அமெரிக்க வலுக்கார் நம் நாட்டுக்கு வந்தது மிகச் சிறிதே. மஸ்டாங் 2016-இல் இங்கே முறைப்படி விற்பனைக்கு வந்தபொழுது, டில்லியில் அதன் விலை, சாலைவரி நீங்கலாகவே, 65 இலட்சம் ரூபாய். 2021-இல் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆதலின், நம்மில் பெரும்பாலோர்க்கு வலுக்கார் என்றால் நினைவுக்கு வருவது கன்டெஸ்ஸாவே.

மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் அம்பாஸிடர் வண்டியைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரின் அச்சுகளைப் பெற்று 1984 முதல் 2002 வரை கன்டெஸ்ஸாவைச் செய்தது. நீண்ட முகப்பு, அகன்ற உடல், தாழ்ந்த இருக்கை ஆகியவற்றால் அது பார்வைக்கு அமெரிக்க வண்டியைப் போன்றிருந்தது. ஆனால் தொடக்கத்தில் அதனுள் இருந்தது அம்பாஸிடரின் 1.5 லிட்டர் எஞ்சினே. வலு ஏறத்தாழ 50 குதிரைத்திறன். யானை உருவத்திற்கு மாட்டு வண்டியின் இழுப்பு என்று அக்காலத்தில் நகைத்தவர் உண்டு. பின்னர் ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும், ஐந்து கியர்ப் பெட்டியும் பொருத்தப்பட்டபின் அந்தக் குறை நீங்கிற்று. வலு 80-ஐக் கடந்தது. இன்றைய 1.2 லிட்டர்ச் சிறு கார்களிலும் ஏறக்குறைய அதே வலு கிடைக்கிறது என்பதையும் உடன் நினைவில் வைக்க வேண்டும்.

கன்டெஸ்ஸாவைத் தவிர, 2014 வரை உருவான அம்பாஸிடர், மும்பை குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி, சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையும் பழங்கார் விரும்புவோர் நாடும் வண்டிகள். கீழே கூறப்போவன யாவும் அவற்றுக்கும் பொருந்தும்.

விலை வேறு, செலவு வேறு

பழைய காரை விரும்புவோர் முதலில் கூறும் காரணம், “புதிய கார் கடையை விட்டு வெளியே வந்தவுடனே விலை இறங்கும்; பழைய காரின் விலை ஏறும்” என்பது. இதில் முற்பாதி உண்மை. இன்ஷூரன்ஸ் கணக்கில் புதிய வண்டியின் மதிப்பு ஓராண்டு முடிந்தபின் 20 விழுக்காடும், நான்காண்டு முடிந்தபின் 50 விழுக்காடும் குறைத்துக் கணிக்கப்படுகிறது. 8 இலட்சம் ரூபாய் வண்டி ஐந்தாம் ஆண்டில் 4 இலட்சம் ஆகிவிடுகிறது.

பிற்பாதியைப் பற்றித்தான் எச்சரிக்கை வேண்டும். விலை ஏறுவது செம்மையாகப் பேணப்பட்ட, மூலப் பகுதிகள் குலையாத, ஆவணங்கள் ஒழுங்காக உள்ள சில வண்டிகளுக்கே. துருப்பிடித்த வண்டியை வாங்கிச் சீர்செய்வோர், வாங்கிய விலையைப் போல் இன்னொரு மடங்கை டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் செலவிட்டு, விற்கும்பொழுது அதைத் திரும்பப் பெறாமல் நிற்பதே பெரும்பான்மை. மேலும், இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. கைப்பணம் முழுதும் ஒரே நாளில் போய்விடும். பழுதுபார்க்க மிச்சம் இராது.

பெட்ரோல் செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய வண்டி லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடுவதாகவும், புதியது 18 கிலோமீட்டர் ஓடுவதாகவும், லிட்டர் விலை 100 ரூபாய் எனவும் கொள்வோம். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்திற்குப் பழைய வண்டியில் 100 லிட்டர், புதிய வண்டியில் 50 லிட்டர். வேறுபாடு மாதம் 5,000 ரூபாய். ஆண்டுக்கு 60,000 ரூபாய். ஆனால் வண்டியை மாதம் 100 கிலோமீட்டர் மட்டும் விருப்பத்திற்காக ஓட்டுபவருக்கு இவ்வேறுபாடு ஏறத்தாழ 550 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. நாள்தோறும் ஓட்டப்போகிறோமா, நாள் பார்த்து ஓட்டப்போகிறோமா என்பதை முதலில் முடிவு செய்யுமாறு கூறுவதற்கு இதுவே காரணம்.

எரிபொருளின் தன்மையும் மாறிவிட்டது. முற்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது எஞ்சினின் வால்வு அமரும் இடங்களைத் தேயாமல் காத்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் நீக்கப்பட்டது. அண்மையில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும், கார்புரேட்டரின் உள்ளுறுப்புகளையும் கெடுக்கும். டாங்கின் அடியில் படிந்த கசடுகளைக் கரைத்துக்கொண்டு வந்து வழியை அடைக்கும். பழைய வண்டி வாங்குவோர் எரிபொருள்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையினவாக மாற்றிவிடுதல் நன்று. எரிபொருள் கசிவது செலவு மட்டுமன்று. தீ விபத்துக்கும் வழி.

உயிர்க்காவல்

“அந்தக் காலத்துத் தகரம் கெட்டி, மோதினால் எதிர்வண்டிதான் நொறுங்கும்” என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2009-இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் நிறுவனம், 1959-ஆம் ஆண்டு ஷெவ்ரலே பெல் ஏர் காரையும், 2009-ஆம் ஆண்டு ஷெவ்ரலே மாலிபு காரையும் எதிரெதிரே மோதவிட்டது. பழைய காரின் ஓட்டுநர் அறை மடிந்து நசுங்கியது. உள்ளே வைத்த பொம்மை மனிதனுக்கு நேர்ந்தவை உயிர் போக்கும் காயங்கள். புதிய காரில் முகப்பு நொறுங்கியதே தவிர, ஓட்டுநர் அறை நிலைகுலையவில்லை. காயம் ஏறத்தாழக் காலளவோடு நின்றது.

காரணம் எளிது. புதிய காரின் முகப்பு, மோதலின் விசையைத் தான் வாங்கி மடியுமாறு அமைக்கப்படுகிறது. மனிதர் அமரும் கூடு மடியாதவாறு வலுவாக அமைக்கப்படுகிறது. பழைய காரில் அத்தகைய பிரிவினை இல்லை. தகரம் கெட்டியாக இருப்பின், விசை முழுவதும் உள்ளிருக்கும் உடலுக்கே வந்து சேர்கிறது.

நம் நாட்டிலும், 2019 ஏப்ரல் முதல் கார்களுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் பிரேக் அமைப்பு கட்டாயமாயிற்று. முன்னிருக்கை இரண்டிற்கும் காற்றுப்பை வேண்டுமெனப் பின்னர் விதிக்கப்பட்டது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனை முறை வந்து, வண்டிகளுக்கு நட்சத்திர மதிப்பு வழங்குகிறது. 1990-ஆம் ஆண்டு வண்டியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. தனியொருவர் விடியற்காலையில் மெல்ல ஓட்டிச் செல்வது ஒன்று. தாயாரையும் மக்களையும் ஏற்றிக்கொண்டு யமுனா விரைவுச் சாலையில் செல்வது வேறொன்று.

சட்டத்தின் எல்லைகள்

வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு இப்பகுதியே முதன்மையானது. நல்ல வண்டியை நல்ல விலைக்கு வாங்கி, ஓட்ட முடியாமல் நிற்போர் பெரும்பாலும் இதனை ஆராயாதவரே.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 1990-இல் பதிவான வண்டி 2005, 2010, 2015, 2020, 2025 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். வண்டியைப் பார்க்குமுன் ஆர்.சி. புத்தகத்தில் இவ்வரிசை முறியாமல் உள்ளதா என்று பார்த்துக்கொள்க. புதுப்பிப்புக் கட்டணமும் முன்போல் இல்லை. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான அறிவிக்கை 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அதனை 10,000 ரூபாயாக்கிற்று. சில மாநிலங்களில் இதற்குமேல் பசுமை வரியும் உண்டு.

அடுத்தது மாநிலம் கடத்தல். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டத்தின் 47-ஆம் பிரிவு. இதற்கு முதற்பதிவு அலுவலகத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று பெற வேண்டும். புதிய மாநிலத்தில் சாலைவரி செலுத்த வேண்டும். புதிதாய் வாங்கிய வண்டியாயின், பழைய மாநிலத்தில் செலுத்திய ஆயுள்வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பகுதியைத் திரும்பக் கேட்கலாம். வண்டியை விலைக்கு வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் சட்டம். உரிமை மாறாதிருக்கையில் விபத்து நேர்ந்தால், விற்றவரும் வாங்கியவரும் ஒருங்கே துன்புறுவர்.

டில்லியின் நிலை தனியானது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இலும் 2015-இலும் ஆணையிட்டது; 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. குருகிராம், நொய்டா, காசியாபாத், ஃபரீதாபாத் ஆகியவையும் இவ்வட்டாரத்தில் அடங்கும். 2025 ஜூலை முதல் நாளன்று அத்தகைய வண்டிகளுக்கு டில்லியில் எரிபொருள் மறுக்கும் ஏற்பாடு தொடங்கிச் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், வயதை மட்டும் காட்டி உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை கூடாது என இடைக்கால ஆணை வழங்கியது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4-ஆம் படியும் அதற்குப் பிந்தியதுமான வண்டிகளுக்கே உரியது எனச் சுருக்கப்பட்டது. 1990-ஆம் ஆண்டு வண்டி அத்தகைய அளவுகள் தோன்றுவதற்கும் முந்தையது. அதற்கு இந்த நிழல் கிட்டாது. ஆணைகள் இவ்வாறு ஓராண்டுக்குள்ளேயே மாறிமாறி வந்தமையால், வாங்கும் வாரத்தில் நிலைமை யாது என்று போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் இன்றியமையாதது.

“பழம்பெரும் வண்டி எனப் பதிந்துகொள்ளலாமே” எனச் சிலர் கேட்கக்கூடும். 2021-இல் நடுவணரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாறுதல் ஏதும் செய்யப்படாத வண்டிக்கே அந்தத் தகுதி உண்டு. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டுகளுக்குச் செல்லும். அந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்றவற்றுக்காகவே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் அலுவலகம் செல்லப் பயன்படுத்தலாகாது. 1990-ஆம் ஆண்டுக் கன்டெஸ்ஸா இத்தகுதியை 2040-இல்தான் எய்தும்.

மாறுதல் பற்றியும் ஒரு சொல். சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தோர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்றுவதாயின் முன்னிசைவு பெற்று ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். பழைய கன்டெஸ்ஸாக்களிலும் அம்பாஸிடர்களிலும் இடையில் எஞ்சின் மாற்றியவை பல. எஞ்சின் எண் புத்தகத்தோடு ஒவ்வாத வண்டி எவ்வளவு அழகாயிருப்பினும் விலகிவிடுக.

பழையதே வேண்டுமெனில்

தலைநகர் வட்டாரத்துக்கு அப்பால் வாழ்வோர், இவ்வளவும் கேட்டபின்னரும் பழைய வண்டியில் மனம் நிலைத்திருந்தால், அதனைத் தவறு என நாம் கூறோம். டில்லியில் 1964 முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திவரும் பழங்கார் அணிவகுப்பைக் கண்டோர், அவ்வண்டிகளைப் பேணுவோரின் அருமையை அறிவர். கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு விளங்கும் கார் அருங்காட்சியகமும் அத்தகைய அன்பின் பயனே. ஆனால் அன்பு கண்ணை மறைக்கலாகாது. வாங்குமுன் கீழ்வருவனவற்றை ஆராய்க.

முதலாவது, துரு. எஞ்சினைச் சீர்செய்யலாம், துரு தின்ற உடலைச் சீர்செய்வது புதிதாய்ச் செய்வதற்கு ஒப்பாகும். கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, தரைத்தகடு, டிக்கியின் அடி, பாட்டரி வைக்கும் தட்டு ஆகியவற்றைப் பார்க்க. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுதும் நகர்த்துக. காந்தம் பற்றாத இடத்தில் தகரம் இல்லை; பட்டி வைத்துப் பூசியிருக்கின்றனர். சென்னை, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் வாழ்ந்த வண்டிக்கு இச்சோதனை இரட்டிப்பு அவசியம்.

இரண்டாவது, புகை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் முதன்முதலாகக் கிளப்பச் சொல்க. முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் ஐயுறுக. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கும். சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாவிடில் தண்ணீர் உள்ளே புகுகிறது. கரும்புகை பெட்ரோல் மிகையாகச் செல்வதைக் காட்டும். அது கார்புரேட்டரைச் சீர்செய்தால் பெரும்பாலும் தீரும்.

மூன்றாவது, உறுப்புகள். எஞ்சின் உறுப்புகளைத் தேடிப் பெறலாம். கடைசலில் செய்துகொள்ளவும் முடியும். ஆனால் முன்கண்ணாடி, விளக்கு மூடி, கதவு ரப்பர், உள் அலங்காரப் பகுதிகள் ஆகியவை கன்டெஸ்ஸா போன்ற சிறு எண்ணிக்கை வண்டிகளுக்கு அரிது. உடைந்தவை எவை, இல்லாதவை எவை என்று பட்டியலிட்டு, கிடைக்கும் என உறுதியானபின் விலை பேசுக. கொல்கத்தாவின் மல்லிக் பஜார், டில்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். இவ்வகையில் அம்பாஸிடரும் பத்மினியும் எளியவை.

நான்காவது, மெக்கானிக். கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. நீங்கள் வாழும் நகரில் அத்தகையவர் ஒருவர் உளரா என வண்டி வாங்குமுன் அறிக. முடிந்தால் கூலி கொடுத்து அவரையே உடன் அழைத்துச் சென்று வண்டியைக் காட்டுக.

ஐந்தாவது, ஆவணம். வாகன் என்னும் நடுவண் பதிவேட்டில் வண்டியின் எண்ணைக் கொண்டு பதிவுக் காலம், இன்ஷூரன்ஸ், செலுத்தாத அபராதம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பழைய கடன் குறிப்பு நீக்கப்படாமல் இருப்பின், அதனை விற்பவரே நீக்கித் தரல் வேண்டும்.

புதியதே எனில்

புதிய வண்டி வாங்குவோர்க்கு வேறு வகை விழிப்பு வேண்டும். மாநிலம் மாறி மாறி மாற்றலாகும் அரசு ஊழியர், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறையினர், நான்கோ அதற்கு மேற்பட்டோ மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோர்க்காக 2021 செப்டம்பர் முதல் பாரத் வரிசைப் பதிவு வந்துள்ளது. இதில் சாலைவரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்தலாம். மாநிலம் மாறினால் மறுபதிவு வேண்டுவதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் நம்மவர்க்கு இது பெருவசதி. தமக்கு இது பொருந்துமா என்பதைப் பணம் கட்டுமுன்னரே விற்பனையாளரிடம் உறுதி செய்துகொள்க. தலைநகர் வட்டாரத்தில் வாழ்வோர் டீசல் வண்டியைத் தேர்ந்தால் பத்தாண்டுக் கட்டுப்பாட்டை நினைவில் கொள்க. மோதல் சோதனையில் பெற்ற நட்சத்திரத்தைக் கேட்ட பின்னரே நிறத்தைக் கேட்க.

முடிவு

இனி, நம் டில்லி அன்பரிடம் திரும்புவோம். அவர் வேண்டுவது ஐவர் நாள்தோறும் செல்லத்தக்க ஒரே வண்டி. அவர் வாழ்வது பழைய வண்டியை ஏற்காத வட்டாரம். கையில் உள்ளது ஒருமுறைதான் செலவிடக்கூடிய பணம். இம்மூன்றையும் ஒருங்கே நோக்கின், அவருக்குரியது புதிய, பாதுகாப்பான, அளவான பெட்ரோல் கார் என்பதில் ஐயமில்லை. அதே அன்பர் மைசூரிலோ நாகபுரியிலோ வாழ்ந்து, வீட்டில் வேறொரு வண்டியும் வைத்திருந்து, பழுதுபார்க்கத் தனியே பணமும் ஒதுக்கியிருந்தால் நம் விடை மாறக்கூடும்.

அப்படியாயின் கோயமுத்தூர்க் கன்டெஸ்ஸா? தாய்மாமன் மகனுக்கு அவ்வண்டியில் விருப்பமும், வைக்க நிழலும் இருப்பின், அவரே அதனை வாங்கி ஊரிலேயே பேணட்டும். துரு இல்லை, எண் ஒக்கிறது, பதிவு முறியவில்லை என்று உறுதியானால், நம் அன்பர் தம்மால் இயன்ற சிறு பங்கைத் தரலாம். ஆனால் பெயர் ஒருவருடையதாகவே இருக்கட்டும், பொறுப்பும் அவருடையதே. வாரம் ஒருமுறையேனும் கிளப்பிச் சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் பாட்டரியும் டயரும் கெடாமல் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்க. ஆண்டு விடுமுறையில் நம் அன்பர் கோயமுத்தூர் நிலையத்தில் வந்து இறங்குகையில், அவ்வண்டி வாயிலில் வந்து நிற்கும். வீடு வரை அவரே ஓட்டிச் செல்லட்டும்.